உருகாத படலம்

ஜெனோவா பதில் சொல்லாமல் நிற்கிறாள். கேட்டவர் நீலமேகம் சார், சென்னையிலிருந்து வந்திருக்கிற வெளித்தேர்வாளர், என் மனைவிக்கு முனைவர் பட்டம் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லப்போகிறவர். கேட்டுவிட்டுப் பேனாவை மூடி மேஜைமேல் வைத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார், எனக்கொன்றும் அவசரமில்லை என்பதுபோல. நான் கடைசி வரிசையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் முதுகு நனைந்துவிட்டது, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை நாற்காலியோடு ஒட்டுகிறது. அவள் வாயையே பார்க்கிறேன். மூடியிருக்கிறது. கையிலிருக்கும் லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி மட்டும் திரையின் ஓரத்தில் கிடந்து நடுங்குகிறது, அதை அணைக்க மறந்துவிட்டாள், அணை ஜெனோவா, அந்த நடுக்கத்தை அவர் பார்க்கிறார். தூத்துக்குடியில் மாநகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவன் நான், எனக்குத் தெரியும், தண்ணீரை அடித்துக்கொண்டு கத்துகிறவனுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது, அவனுக்குப் பயப்பட வேண்டாம், சத்தமே போடாமல் தலையை லேசாக நிமிர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறவனைத்தான் பாய்ந்துபோய்ப் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு பிள்ளையை ஒருநாள் பிடித்தேன், கரையில் அவளுடைய அப்பா சிரித்துக்கொண்டே கையாட்டிக்கொண்டிருந்தார், மகள் விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு. இப்போது என் தொடைச்சதை தானாக இறுகுகிறது, குதி குதி என்கிறது, எங்கே குதிப்பது, இது கல்லூரி ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் உட்கார்ந்திருக்கும் கூடம், பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, இதில் புருஷன்காரனுக்குக் கொடுத்திருப்பது ஒரு நாற்காலியும் ஒரு டீயும்தான்.

கேள்வி எனக்கே புரிந்தது, அதுதான் பயம். இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் தமிழுக்கு மாறினார், மாறியதும் குரல் இன்னும் மெதுவாகிவிட்டது. “நீங்க சூட்டை எங்கேம்மா அளக்கறீங்க? தட்டுல. படலம் தட்டுமேலயா இருக்கு? இல்லை, தட்டுல இருக்கிற ஓட்டைக்குக் குறுக்கே காத்துல நிக்குது. காத்து குளுமையா இருந்தா? உருக வேண்டிய சூட்டைத் தாண்டியும் மெல்லிசுப் படலம் உருகலைன்னு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கீங்க. அந்தச் சூடு அதுக்குப் போய்ச் சேரவே இல்லைன்னா?” அவ்வளவுதான். அத்தனை வருஷத்தையும் ஒரே ‘இல்லைன்னா’வில் நிறுத்திவிட்டார். இதைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார் இசக்கியப்பன் சார், அவளுடைய வழிகாட்டி, நல்ல மனுஷன், ஆனால் நேற்றுப் போனில் அவர் குரலே சரியில்லை, நீலமேகம் ஒரு பையனை மறுபடியும் எல்லா அளவையும் எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறாராம், பையன் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டானாம். ஜெனோவா விடமாட்டாள். விடமாட்டாள்தான், ஆனால் அதைத்தான் நினைக்க முடியவில்லை, மறுபடியும் காலையில் அந்தத் திருநெல்வேலி பஸ், சாயந்திரம் கண்ணெல்லாம் சிவந்து அவள் இறங்கி வருவது, “இன்னைக்கு நின்னுச்சா?” என்று நான் கேட்பதும் அவள் தலையை மட்டும் ஆட்டுவதும்.

படலம் நின்றதா என்றுதான் எங்கள் வீட்டில் கேட்போம், மழை நின்றதா என்று கேட்கிற மாதிரி. ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரவப் படிகம் என்றாள். திரவம் என்கிறாய், படிகம் என்கிறாய், ஏதாவது ஒன்றைச் சொல் என்றேன். நம் டிவிக்குள் இருக்கிற சாமான்தான், தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் உள்ளே மூலக்கூறுகள் கன்னாபின்னா என்று இல்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும், சிலதில் அடுக்கடுக்காகவே நிற்கும், அந்த அடுக்கு வகைதான் என்னுடையது என்றாள். சூடு ஏற்றினால் ஒரு கட்டத்தில் அடுக்கெல்லாம் குலைந்து வெறும் திரவமாகிவிடும், அந்தச் சூடு ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்று, மாறாது. மாறாது என்றவள் கொஞ்சம் நிறுத்தி, மொத்தமாக இருக்கும்போது மாறாது, மெல்லிசாக்கினால் மாறும் என்றாள், அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பு, நான் அவளைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரைக்கும் மெல்லிசாக இருப்பதுதானே முதலில் உருகும், அப்பளத் துண்டு மாதிரி வெண்ணெயைச் சீவிப் போட்டால் உடனே உருகுகிறது, கட்டியாகப் போட்டால் நேரமாகிறது. அதைத்தான் சொன்னேன். “அது சூடு போய்ச் சேர ஆகுற நேரம். நான் சொல்றது எந்தச் சூட்டுல உருகும்ங்கிறது” என்றாள். அப்புறம் பொறுமையாக, காத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ரொம்பக் கட்டுப்பாடாக நிற்கும், அதை ஒட்டின அடுக்கும் அதைப் பார்த்து நிற்கும், படலம் தடிமனாக இருந்தால் நடுவில் இருக்கிறதுக்கு அந்தப் பிடிப்பு எட்டாது, அதனால் நடுவில் இருப்பதுதான் முதலில் உருகி ஓட்டையின் விளிம்புக்கு ஓடும், ஓடியதும் படலம் மெலியும், மெலிந்தால் எல்லா அடுக்கும் காத்துக்குப் பக்கம், அதனால் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும், இன்னும் சூடாக்கினால் இன்னும் கொஞ்சம் மெலியும், படிப்படியாக. அப்படியென்றால் கஷ்டம் வர வர ஒட்டிக்கொள்கிறது, நாம மாதிரி, என்றேன். கோபம் வந்துவிட்டது. “எதைச் சொன்னாலும் நம்ம குடும்பத்துக்குள்ள கொண்டுவந்து வைக்காதீங்க. அது மூலக்கூறு. அதுக்கு நம்மளைத் தெரியாது.” அன்றைக்குத்தான் அவள்மேல் எனக்கு வேறுமாதிரி ஒரு மரியாதை வந்தது. நான் ஆறுதலுக்காக எதையாவது எதோடாவது சேர்த்துப் பார்க்கிறவன். அவளுக்கு அந்த ஆறுதல் வேண்டாம், இருப்பது இருக்கிறபடி தெரிந்தால் போதும்.

 கூடத்தில் யாரோ இருமுகிறார்கள். இசக்கியப்பன் சார் முன்னால் சாய்ந்து, “ஜெனோவா, மூணாவது அத்தியாயத்துல காத்தோட குளுமைக்கு ஒரு திருத்தம் போட்டிருந்தோமே” என்று எடுத்துக்கொடுக்கப் பார்க்கிறார், நீலமேகம் கையை மட்டும் உயர்த்தி அவரை நிறுத்துகிறார். சிவப்புப் புள்ளி திரையிலிருந்து போய்விட்டது. அணைத்துவிட்டாள். நல்லது. விளக்கை மேஜைமேல் வைக்கிறாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுகிறாள், ஐயோ இது எனக்குத் தெரியும், வீட்டில் அடைத்துக்கொண்ட தொட்டிக்குள் கையை விடுமுன் இப்படித்தான் செருகுவாள். “சார், அந்தத் திருத்தத்தைச் சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. நானா இருந்தாலும் ஒத்துக்க மாட்டேன்.” கூடத்தில் ஒரு சலசலப்பு. “செஞ்சு காட்டலாமா?” நீலமேகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்பவா?” “சூடேத்துற பெட்டியைக் காலையிலயே போட்டுட்டுத்தான் சார் வந்தேன். ஒரே ஓட்டையில பாதி தடிமனா, பாதி மெல்லிசா இழுக்கிறேன். ரெண்டுக்கும் ஒரே தட்டு, ஒரே காத்து. காத்து குளுமையா இருந்தா ரெண்டுக்கும்தான் குளுமை. தடிச்ச பாதி போயி மெல்லிசுப் பாதி மட்டும் நின்னா?” “நின்னா நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன்.” அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “நிக்கலைன்னா அந்த அத்தியாயத்தை நான் திரும்ப வாங்கிக்கிறேன் சார்.”  பாதி தடிமன் பாதி மெல்லிசு, அது எப்போதாவது அதுவாக அமையும், நாமாகக் கேட்டால் அமையாது என்று இவள்தானே என்னிடம் சொன்னாள், அமைந்த அன்றைக்கு மகள் ஷைனிக்கும் எனக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தாளே. அதைப் போய் இத்தனை பேர் முன்னால்.

எல்லோரும் எழுந்து நடக்கிறோம். தாழ்வாரத்தில் வெயில் சரிந்து கிடக்கிறது, செருப்புச் சத்தம், ஒரு மாணவி என்னிடம் “நீங்க மேடத்தோட சாரா?” என்கிறாள், ஆமாம் என்கிறேன், பெருமையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது, ரெண்டும் ஒரே இடத்தில், நெஞ்சுக்குழிக்குக் கீழே. ஆய்வகத்துக்குள் இதுவரைக்கும் நான் போனதே இல்லை. எப்போதாவது கூட்டிக்கொண்டு போக வந்தால் வாசல் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்பேன், “உள்ளே வராதீங்க, யாராவது நடந்தாலே உடைஞ்சிரும்” என்பாள், நான் கேலிக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். இசக்கியப்பன் சார் மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு நீலமேகத்தை மட்டும் உள்ளே விடுகிறார், என்னைப் பார்த்து ஒரு கணம் யோசித்து, “நீங்க வாங்க, அந்தச் சுவரோரமா நில்லுங்க” என்கிறார். நிற்கிறேன். சின்ன அறை. நான் பெரிய இயந்திரம் ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் பார்த்த மாதிரி ஒரு மைக்ரோஸ்கோப், கொஞ்சம் பெரிசு, அதன் அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு உலோகப் பெட்டி, அதிலிருந்து ஒயர்கள், பக்கத்தில் பச்சை எழுத்தில் சூடு காட்டுகிற கருவி. இவ்வளவுதானா. இதற்கா இத்தனை வருஷம். அந்தத் தீப்பெட்டிக்குள் தட்டு, தட்டில் ஓட்டை, ஓட்டையில் அவள். பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் படத்தைப் போடப்போனார் சார், “வேண்டாம், கேமரால பாத்ததை நிறையப் பாத்துட்டேன், கண்ணால பாக்கணும்” என்றார் நீலமேகம். ஆக அவருக்கு மட்டும்தான் தெரியும், எனக்கு அவருடைய பிடரிதான் தெரியும், அதைப் பார்த்துத்தான் நான் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு ஊசிமுனை அளவுக்கு அந்தத் திரவப் படிக மருந்தைத் தொட்டு ஓட்டையின் விளிம்பில் தடவுகிறாள், அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லை வைத்து விளிம்பிலிருந்து எதிர்விளிம்புக்கு இழுக்க வேண்டும், இழுத்த இடமெல்லாம் படலம் விரிந்து நிற்கும். எனக்கு இது தெரியும், ஏனென்றால் வீட்டில் அவள் கை சும்மா இருக்கும்போது மேஜைமேல் இதையே செய்யும், பென்சிலை வைத்து, சீப்பை வைத்து, டிவி பார்த்துக்கொண்டே, தூங்குமுன் என் முழங்கைமேல்கூட. இழுக்கிறாள். நீலமேகம் “ம், போச்சு” என்றார். மறுபடி தடவுகிறாள். அவள் கை நடுங்குகிறது. தண்ணீரில் புதிதாக இறங்குகிறவர்களிடம் நான் சொல்வேன், நடுக்கத்தை நிறுத்தப் பார்க்காதே, மூச்சை வெளியே விடு, நடுக்கம் தானாகப் போகும் என்று, அதை இப்போது சத்தமாகச் சொல்லிவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொள்கிறேன். நான் சொல்லித் தர இதில் என்ன இருக்கிறது. அவள் கண்ணை மூடி மூச்சை விட்டாள், நான் பார்த்தேன், தோள் இறங்கியது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன், அதுமட்டும்தான் இந்த அறையில் எனக்குத் தெரிந்த வேலை, என் மூச்சு பட்டு உடைந்துவிடக் கூடாது. மெதுவாக இழுக்கிறாள், பாதி வழியில் நிறுத்தினாள், நிறுத்துவதும் அதில் சேர்த்திதான் போலிருக்கிறது, மறுபடி இன்னும் மெதுவாக. மூடியை வைத்தாள். “பாருங்க சார்.” பிடரி குனிகிறது. அசையவில்லை. அசையவே இல்லை. பிறகு, “பச்சையும் வெள்ளையும். நடுவுல கோடு கிழிச்ச மாதிரி” என்றார், குரலில் இருந்த தேர்வாளர் கொஞ்சம் விலகி வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. “பச்சைதான் சார் தடிச்சது. வெள்ளை மெல்லிசு. இப்ப ஏத்துறேன்.”

கருவியின் பச்சை எழுத்து மேலே போகிறது, ஒவ்வொரு புள்ளியாக. ஒருநாள் அடுக்களையில் ஷைனியின் குமிழி ஊதுகிற வளையத்தைச் சோப்பு நீரில் முக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள், பாருங்க, இந்தக் கலரெல்லாம் தடிமன்தான், தடிமன் மாற மாற கலர் மாறும், ரொம்ப மெல்லிசானா வெள்ளை, இன்னும் மெல்லிசானா கறுப்பு, கறுப்பானா உடையப்போகுதுன்னு அர்த்தம், சோப்புக்கு. என்னுடையது கறுப்பானாலும் நிற்கும் என்றாள். என் அண்ணன் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தான், கண்ணுக்கே தெரியாததை அளந்து யாருக்கு என்ன ஆகப்போகுது என்றான், அவள் சண்டை போடவில்லை, “எனக்குத் தெரியணும்ல, அத்தான்” என்றாள், அவ்வளவுதான், அவனுக்கு மீன்குழம்பு ஊற்றப் போய்விட்டாள். எனக்குத் தெரியணும்ல. அதற்கு மேல் ஒரு காரணத்தை அவள் எங்கேயும் சொல்லிக் கேட்டதில்லை. “பச்சையில ஒரு பொட்டு விழுது,” நீலமேகத்தின் குரல். “பெரிசாகுது, பெரிசாகுது, பச்சையைத் தின்னுக்கிட்டு போகுது. ஊதா ஆயிடுச்சு.” “வெள்ளை சார்?” “வெள்ளை அப்படியே இருக்கு.” இசக்கியப்பன் சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைக்கிறார். ஏறுகிறது. “ஊதாவும் போச்சு. மஞ்சள்.” “வெள்ளை?” “இருக்கும்மா, இருக்கு.” அவர் ‘இருக்கும்மா’ என்றது, அந்த ‘ம்மா’, காலையிலிருந்து அவர் சொன்ன எந்த ‘அம்மா’வும் அது இல்லை. மொத்தமாக இருந்தால் எப்போதோ குலைந்திருக்க வேண்டிய சூட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது எழுத்து. விளிம்பில் திரண்டிருந்ததெல்லாம் உருகி வழிகிறது என்றார், தடிச்ச பாதியும் வெள்ளையாகிவிட்டது என்றார், எல்லாம் ஒன்றாகிவிட்டது என்றார், அப்புறம் சாம்பல் என்றார், அப்புறம் கண்ணை இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தார். எனக்கு மூச்சு முட்டுகிறது, குளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடியிலேயே போகிறவன் நான், இந்தச் சுவரோரத்தில் தவிக்கிறேன்.

நீலமேகம் தலையைத் தூக்கினார். “போச்சேம்மா. வெறும் இருட்டு.”  நிற்கவில்லை. அத்தியாயத்தை வாங்கிக்கொள்வாள், சொன்னால் சொன்னதுதான், அவரே வேண்டாம் என்றாலும் வாங்கிக்கொள்வாள், மறுபடியும் அந்த பஸ். ஆனால் அவள் முகம் மாறவே இல்லை. குனிந்து பார்க்கக்கூட இல்லை, எழுத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தாள். “இருக்கு சார்.” “எங்க இருக்கு?” “நீங்க பாக்கறதே அதைத்தான். ரெண்டு அடுக்கா இருக்கும்னு நினைக்கிறேன். கண்ணை எடுக்காம பாருங்க, உடைக்கிறேன்.” உடைக்கிறாளா. நின்றிருப்பதை, இவ்வளவு சூட்டில் நின்றிருப்பதை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொடித்துளை, அதன் வழியாகத் தலைமுடி மாதிரி ஒரு கம்பியை நுழைத்தாள், நீலமேகம் மறுபடி குனிந்தார், யாரும் அசையவில்லை, வெளியே தாழ்வாரத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. கம்பி போனது. “ஆ!” என்று சின்னப் பையன் மாதிரி கத்திவிட்டார் மனுஷன். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார், இசக்கியப்பன் சாரைப் பார்த்தார், சுவரோரத்தில் நிற்கும் என்னைக்கூடப் பார்த்தார். “இருந்திருக்கு! இதுதான் இருட்டுன்னு நினைச்சேன், இப்பத்தான் நிஜ இருட்டு. அதுல ஒரு சாம்பல் இருந்திருக்கு, விளிம்பெல்லாம் ஒரு துடிப்புத் துடிச்சு...” சொல்லத் தெரியாமல் கையை விரித்தார். கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்தார், மறுபடி போட்டார்.  

“வாபஸ்” என்றார். “நான் கேட்டதை வாபஸ் வாங்கிட்டேன். இசக்கியப்பன், எழுதிக்கோங்க.” சார் சரி சரி என்று தலையை ஆட்டினார், பிறகு, “எல்லாரும் வெளியே காத்திருக்காங்க சார், முடிவைச் சொல்லிட்டோம்னா...” என்றார். “சொல்லலாம், இருங்க. இன்னொண்ணு இழுங்கம்மா. இப்ப சோதிக்க இல்லை, சும்மா பாக்கணும்.” ஜெனோவா சிரித்தாள், அந்தச் சிரிப்பு. மருந்தைத் தொட்டாள், தடவினாள், இழுத்தாள், ஒரே இழுப்பு, கை இப்போது கொஞ்சமும் நடுங்கவில்லை, எனக்கு அது தண்ணீரைக் கிழிக்காமல் உள்ளே போகிற நல்ல நீச்சல்காரனின் கை மாதிரி இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும், அவளிடம் சொல்லப்போவதில்லை. மூடியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நீலமேகம் குனியப்போனார். “சார், ஒரு நிமிஷம். முதல்ல இவங்க பாக்கட்டுமா? இவங்க இதுவரைக்கும் பாத்ததே இல்லை.” “யாரு?” “எங்க வீட்டுக்காரங்க.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய மனுஷனுக்கு வழிவிடுகிற மாதிரி நாற்காலியை விட்டு எழுந்தார்.

நடந்தால் உடையும் என்று நுனிக்காலில் போனேன், மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று தெரியவில்லை, அவள் என் தலையைப் பிடித்து லேசாகக் குனியவைத்தாள், மருந்து வாசனை அடித்தது அவள் விரலில். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் வட்டமாக ஒரு வெளிச்சம். அதற்குள் ஏதோ பச்சையும் சிவப்பும் ஒன்றோடொன்று கலந்து, குளத்தின் அடியிலிருந்து மேலே பார்த்தால் ஆகாயம் கலங்கித் தெரியுமே, அந்த மாதிரி, ஒரு விளிம்பும் ஒரு கோடும் சரியாகப் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டே போயிற்று. சூட்டை ஏற்றுகிறாள் போலிருக்கிறது, ஏதோ நகர்ந்தது, இல்லை, நகர்ந்த மாதிரி இருந்தது.

“தெரியுதா?” என்று காதருகில் கேட்டாள்.

“தெரியுது.”

“பொய்” என்றாள் ஜெனோவா. “கண்ணைத் தொடைச்சுட்டுப் பாருங்க.”